முதலில் மெக்கானிக், பிறகு மிஷின்

தையல் மிஷின் வாங்கப் போகிற வீட்டில் பேச்சு பெரும்பாலும் கம்பெனிப் பெயரில்தான் தொடங்குகிறது. அம்மா உஷா என்பார். மகள் செல்போனில் பார்த்த வெள்ளை நிற மிஷினைக் காட்டுவாள். விலையைக் கேட்டதும் அப்பா பேச்சை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார். மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் இந்தப் பேச்சை வேறு இடத்தில் தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம் வீட்டிலிருந்து மிஷின் மெக்கானிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? எந்த மிஷினைப் பிரித்துப் பூட்ட அவருக்குக் கை பழகியிருக்கிறது? இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு கடைப்படி ஏறினால் போதும்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வார்ப்பிரும்பில் செய்த கருப்பு மிஷினின் தலை மட்டும் பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். அதைப் பழைய புடவையில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றி, இறங்கி, ரிப்பேர் கடை வரை தூக்கிப் போகவேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் சுமையைத் தூக்குகிற கை நம்முடையது. விட்டுவிட்டு வர ஒரு நாள், வாங்கி வர ஒரு நாள். சாமான் பாரிமுனையிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிவிட்டால் இன்னொரு நாள். இது பள்ளி திறக்கிற ஜூன் மாதத்திலோ பொங்கலுக்கு முந்தைய வாரத்திலோ நடந்தால், வீட்டில் தைத்துச் சம்பாதிக்கிற பெண்ணின் கையிலிருந்த துணிகள் பக்கத்துத் தெரு டெய்லரிடம் போய்விடும். ஒரு தடவை போன வாடிக்கை திரும்பி வருவது கடினம்.

பெரிய கம்பெனிகள் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பழுது பார்ப்பதாகச் சொல்கின்றன. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் அது நடக்கும். நெம்மேலிக்கும் பட்டிப்புலத்துக்கும் வருவார்களா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே, நம் ஊர்ப் பின்கோடு எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். “வருவாங்கம்மா, கவலைப்படாதீங்க” என்று கடைக்காரர் சொன்னால், “நம்பர் குடுங்கண்ணே, இப்பவே பேசிப் பாக்குறேன்” என்று சொல்லி அங்கிருந்தே கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கேட்பதில் கூச்சமே வேண்டாம். பத்தாயிரம் ரூபாய் கொடுக்கிறவருக்கு இந்த ஒரு போன் அழைப்புக்கு முழு உரிமை உண்டு.

மெக்கானிக் தூரத்துக்கு அடுத்து நான் பார்க்கச் சொல்வது கடல் காற்று. இந்தக் கரையில் சைக்கிளும் இரும்பு கேட்டும் என்ன பாடுபடுகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். தையல் மிஷினுக்குள்ளும் அதே உப்பு ஈரம்தான் புகுகிறது. ஊசியைப் பிடித்திருக்கும் தண்டு, துணியைத் தள்ளும் பல், பாபின் கேஸ், அதற்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் பட்டை எல்லாம் எஃகு. ஒரு மழைக்காலம் முழுக்கத் தொடாமல் விட்டால் சக்கரம் இறுகிப்போகும். வாரத்துக்கு ஒரு முறையாவது, தைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும், மிஷினை ஐந்து நிமிடம் ஓட்டவேண்டும். தைத்து முடித்ததும் பல்லுக்கு அடியில் சேரும் பஞ்சைப் பிரஷ்ஷால் எடுக்கவேண்டும். ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்ப்பது அந்தப் பஞ்சுதான். மூடுவதற்குப் பருத்தித் துணி நல்லது. பிளாஸ்டிக் உறை உள்ளே வேர்த்து ஈரத்தை அடைத்துவிடும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே மிஷினைப் போடாமல் இருப்பதே பாதிப் பராமரிப்பு.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. மிஷின் எண்ணெய் தீர்ந்துவிட்டால் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை இரண்டு சொட்டு விடுவார்கள். அன்றைக்கு மிஷின் சுலபமாக ஓடும். சில வாரத்தில் அந்த எண்ணெய் கெட்டியாகிப் பிசின் போல ஒட்டிக்கொண்டு சக்கரத்தைப் பிடிக்கும். மெக்கானிக்கிடம் வரும் ‘இறுகிப்போன’ மிஷின்களில் இது வழக்கமான காரணம். தையல் மிஷினுக்கென்று விற்கிற மெல்லிய, நிறமில்லாத எண்ணெய்ப் புட்டி மிகச் சொற்ப விலைதான். மிஷினோடு சேர்த்து இரண்டாக வாங்கிவிடுங்கள்.

புயலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. புயலடித்த பிறகு இங்கே மின்சாரம் எப்போது வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. காலால் மிதிக்கிற ஸ்டாண்டு உள்ள மிஷின் அன்றைக்கும் தைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறி நின்றது. நீரில் மூழ்கிய மிஷினில் மர மேஜை உப்பிவிடும், மோட்டார் கருகும், எலெக்ட்ரானிக் பலகை உள்ள மிஷினைப் பெரும்பாலும் தூக்கித்தான் போடவேண்டும். வார்ப்பிரும்புத் தலையை மட்டும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு மறுபடி ஓடவைத்துவிடலாம். பாட்டி வாங்கிய மிஷின் இன்றும் பேத்தி வீட்டில் ஓடுவதற்கு அந்தக் கனமான, எளிமையான உடம்புதான் காரணம்.

இவ்வளவு சொன்னதால் எல்லாரும் கருப்பு மிஷினே வாங்கவேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். எதைத் தைக்கப் போகிறோம் என்பது இன்னும் இருக்கிறது.

கடைகளில் இன்று கிடைக்கிறவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம். முதலாவது, நேர்த் தையல் மட்டும் போடும் கருப்பு மிஷின். ஸ்டாண்டும் மேஜையும் சேர்த்து ஏறத்தாழ ஏழாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் ரூபாய், மோட்டார் தனி. அடுத்தது, உஷா ஜனோம், சிங்கர், பிரதர் போன்ற பெயர்களில் வரும் வெள்ளை நிற ஜிக்ஜாக் மிஷின். ஐந்தாறு கிலோ எடை, உள்ளேயே மோட்டார், பத்தாயிரத்திலிருந்து பதினெட்டாயிரம் வரை. அதற்கும் மேலே, திரையும் பட்டனும் உள்ள கம்ப்யூட்டர் மிஷின்கள் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டிப் போகும். விலைகள் கடைக்குக் கடை மாறும், பேசினால் குறையும்.

வெள்ளை மிஷின் விளம்பரத்தில் ‘7 வகைத் தையல்’, ‘22 வகைத் தையல்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். ஒரே ஜிக்ஜாக்கை மூன்று அகலத்தில் போட்டால் அதை மூன்றாக எண்ணுகிற பட்டியல்களும் உண்டு. பூவும் இலையுமாக வருகிற அலங்காரத் தையல்கள் முதல் வாரம் கைக்குட்டையில் போட்டுப் பார்ப்பதோடு முடிந்துவிடும். வீட்டுக்கு நிஜமாகத் தேவைப்படுவது நேர்த் தையல், ஜிக்ஜாக், காஜா. இந்த மூன்றும் சுத்தமாக விழுகிறதா என்பதுதான் கேள்வி.

செங்கல்பட்டு மாவட்டத்துப் பெண்கள் வீட்டிலிருந்து தைத்துக் காசு பார்ப்பது முக்கியமாக ஜாக்கெட்டில்தான். ஜாக்கெட் என்பது அடி முதல் நுனி வரை நேர்த் தையல். லைனிங் வைத்த ஜாக்கெட்டில் தோளும் கையும் சேருகிற இடத்தில் துணி நான்கு, ஐந்து மடிப்பாக ஏறும். பைப்பிங் வைத்தால் இன்னும் தடிக்கும். அங்கே ஊசி திணறாமல் இறங்கவேண்டும். இதற்குக் கருப்பு மிஷின் பொருத்தம் என்று டெய்லர்கள் சொல்வது வெறும் பழக்கத்தால் அல்ல. அதன் அடித்தகட்டில் ஊசி இறங்க ஒரே ஒரு சிறிய துளைதான் இருக்கும். துணி அந்தத் துளையைச் சுற்றி நன்றாகத் தாங்கப்படுவதால் தையல் கோடு போட்டது போல விழும். ஜிக்ஜாக் மிஷினில் ஊசி இடம் வலமாக நகரவேண்டியிருப்பதால் அங்கே நீளமான பிளவு இருக்கும். மெல்லிய சில்க்கோ ஜார்ஜெட்டோ வைத்தால் ஊசியோடு சேர்ந்து துணியும் அந்தப் பிளவுக்குள் இழுபட்டு நுனியில் கசங்கும். அப்போது துணிக்கு அடியில் செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுக்கலாம். அல்லது நேர்த் தையலுக்கென்று ஒற்றைத் துளைத் தகடு அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்கலாம்.

புடவைக்குப் பீக்கோ அடிக்க, சுடிதார் ஓரம் பிரியாமல் இருக்க, குழந்தை உடைகளுக்கு எலாஸ்டிக் வைக்க ஜிக்ஜாக் வேண்டும். தெருவில் ஏற்கெனவே ஜாக்கெட் தைக்கிற அக்காக்கள் பலர் இருந்து, பீக்கோ அடிக்க மட்டும் எல்லாரும் டவுனுக்குப் போகிறார்கள் என்றால், வெள்ளை மிஷின் வாங்குகிறவருக்குத்தான் வேலை கிடைக்கும். தன் தெருவை அறிந்து வாங்குவதற்கு எந்த விளம்பரமும் ஈடாகாது. நைட்டி ஓரம் மடித்து அடிக்க, பிள்ளையின் பிரிந்த யூனிஃபார்மைச் சேர்க்க, தலையணை உறை தைக்க என்று மாதம் நாலைந்து முறை மட்டும் மிஷினைத் திறக்கிற குடும்பத்துக்கும் எடை குறைந்த வெள்ளை மிஷினே போதும். எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம். ஆனால் அதைக் கொண்டு தினமும் எட்டு மணி நேரம் துணிப்பையும் கால்சட்டையும் தைக்க நினைத்தால் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் தாங்காது.

மோட்டார் வைத்தால் கரண்டு பில் ஏறிவிடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. வீட்டு மிஷின் மோட்டார் பெரும்பாலும் நூறு வாட்டுக்குள்தான். பத்து மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் ஒரு யூனிட். பழைய மின்விசிறி இழுப்பதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். முழங்கால் வலி உள்ள அம்மாக்கள் மிதித்து மிதித்துச் சிரமப்படுவதை விட மோட்டார் பொருத்திக்கொள்வது மேல். பெல்ட்டைக் கழற்றி மாட்டினால் மிதிக்கவும் முடிகிற மாதிரி பொருத்தச் சொல்லுங்கள். புயல் நாளில் கைகொடுக்கும்.

இந்த மாவட்டத்துக்கென்றே ஒரு தனி நிலைமை உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் வந்த ஏற்றுமதி வளாகத்திலும், செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா சிட்டியில் ஆயத்த ஆடைகளுக்கென்று ஒதுக்கிய சிறப்புப் பொருளாதார மண்டலத்திலும் கிராமத்துப் பெண்கள் ஏராளமானோர் தைத்திருக்கிறார்கள். கம்பெனி பஸ் விடிகாலையில் ஊருக்குள் வந்து அழைத்துப் போகும். கல்யாணமோ குழந்தையோ ஆனபின் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து தைக்கலாம் என்று மிஷின் தேடுகிறவர்கள் இவர்களில் பலர். கம்பெனியில் அவர்கள் பழகியது ஜூகி, ஜாக் போன்ற பவர் மிஷின். நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தையல் போடுகிற வேகம். காலால் அழுத்த, முழங்காலால் ஃபுட்டைத் தூக்க எல்லாம் பழகிய உடம்பு. நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு தையல் போடுகிற வீட்டு மிஷினில் உட்கார்ந்தால் அவர்களுக்குக் கை கட்டியது போல இருக்கும். அவர்கள் பழைய பவர் மிஷின் வாங்க நினைப்பது நியாயமே. கம்பெனிகள் கழித்துக்கட்டுகிற மிஷின்கள் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வாங்குவதற்கு முன் சில விஷயங்களை நேரில் பார்க்கவேண்டும். நான்கடி நீள மேஜைக்கு வீட்டில் நிரந்தர இடம் வேண்டும். பழைய கிளட்ச் மோட்டார் சுவிட்சைப் போட்ட கணம் முதல், தைக்காத நேரத்திலும், இரைந்துகொண்டே சுற்றி மின்சாரம் இழுக்கும். அதை எடுத்துவிட்டு மிதிக்கும்போது மட்டும் சுற்றுகிற சர்வோ மோட்டார் போடச் சொல்லவேண்டும். குழந்தை தூங்குகிற ஓரறை வீட்டில் இந்த ஒரு மாற்றம் எவ்வளவு நிம்மதி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கும், அளவு குறையாமல் பார்க்கவேண்டும். ஊசியும் வேறு: வீட்டு மிஷின் ஊசியின் தலைப் பக்கம் ஒரு புறம் தட்டையாக இருக்கும், பவர் மிஷின் ஊசி முழு உருண்டை. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது.

அதைவிட முக்கியமான இன்னொன்று. கம்பெனி லைனில் ஒருவர் காலர் மட்டும் வைப்பார், இன்னொருவர் பாக்கெட் மட்டும் வைப்பார். பத்து வருடம் தைத்தவருக்கும் அளவெடுத்து வெட்டத் தெரியாமல் இருக்கலாம். அது அவர் குறை அல்ல, அந்த வேலை முறை அப்படி. அவருக்கு மிஷினுக்கு முன்பு தேவைப்படுவது வெட்டும் பயிற்சி. இருபதாயிரத்தை மிஷினில் போடுவதற்குப் பதில் பாதியை மிஷினுக்கும் மீதியை ஆறு மாத வகுப்புக்கும் ஒதுக்கினால் வருமானம் விரைவாக வரும்.

தவணையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. எலியாஸ் ஹோவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் அமெரிக்காவில் தையல் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அப்போது சாதாரணக் குடும்பம் வாங்க முடியாத விலை. 1856இல் சிங்கர் கம்பெனி மாதாமாதம் கட்டி வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்று டிவிக்கும் ஸ்கூட்டருக்கும் நாம் கட்டுகிற தவணை வீட்டுக்குள் பரவியதில் தையல் மிஷினுக்குப் பெரிய பங்கு உண்டு. இயந்திரங்களை எளிதில் ஏற்காத காந்தி, 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்போது தையல் மிஷினை மட்டும் விதிவிலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்துத் துன்பப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் நம்பினார். அப்படியானால் அந்த மிஷினைச் செய்யப் பெரிய ஆலை வேண்டுமே என்று ராமச்சந்திரன் மடக்கியபோது, வேண்டும்தான், ஆனால் அத்தகைய ஆலை அரசின் கையில் இருக்கவேண்டும் என்றார். உழைக்கிறவரின் உடல் நோவு குறையவேண்டும் என்பதுதான் காந்தியின் அளவுகோல். மிஷின் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. தவணை வட்டி மாத வருமானத்தைத் தின்றால் அந்த நோவு வேறு வடிவில் திரும்பி வரும். ‘வட்டியில்லாத் தவணை’ என்றால், ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி.

கடையில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கடைக்காரர் தருகிற கஞ்சி போட்ட வெள்ளைத் துணியில் எந்த மிஷினும் அழகாகத்தான் தைக்கும். நம் பையில் நம் துணிகள் இருக்கட்டும்: ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சிய பருத்தித் துண்டு, லைனிங் துணி, பழைய சின்தெடிக் புடவையின் ஓரம், கிழிந்த ஜீன்ஸின் கால் மடிப்பு.

முதலில் நூல் கோக்காமல் கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓட்டுங்கள். துளைகள் ஒரே இடைவெளியில், நேராக விழுந்தால் மிஷின் தாளை ஒழுங்காகத் தள்ளுகிறது என்று பொருள். பிறகு நூல் கோத்து, மேலே ஒரு நிறம், பாபினில் வேறு நிறம் வைத்து இரண்டு மடிப்புத் துணியில் தையுங்கள். மேல் நிறம் அடியிலோ அடி நிறம் மேலேயோ புள்ளியாக எட்டிப் பார்க்கக்கூடாது. இரண்டும் துணிக்கு நடுவில் பூட்டிக்கொள்ளவேண்டும். எட்டிப் பார்த்தால் டென்ஷன் திருகைத் திருப்பிச் சரியாகிறதா பாருங்கள். திருகைத் திருப்பியும் மாறவில்லை என்றால் அந்த மிஷினை விட்டுவிடுங்கள். அதன் பின் ஜீன்ஸ் மடிப்பில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். வேகமாகத் தைப்பதை எந்த மிஷினும் செய்யும். மெதுவாக, ஒவ்வொரு தையலாக, தடித்த இடத்தில் ஏறுவதுதான் மோட்டாரின் உண்மையான பலம். கடைசியாகச் சின்தெடிக் துண்டு. அங்கே தையல் விட்டு விட்டு விழுந்தால் உடனே மிஷினைக் குறை சொல்லவேண்டாம், ஊசியை மாற்றச் சொல்லுங்கள். மெல்லிய துணிக்கு 11, ஜாக்கெட் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16 என்று ஊசி எண் உண்டு. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி மெல்லிய துணி வாங்கிப் போன சதுரங்கப்பட்டினம் இருக்கிற கரை இது. மெல்லிய துணிக்கு மெல்லிய ஊசி என்று இங்கே யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆனாலும் வீட்டு மிஷின்களில் ஒரே ஊசி மழுங்கும் வரை கிடப்பதைப் பார்க்கிறேன். தையல் கோளாறு என்று ரிப்பேருக்குப் போகிறவற்றில் பல, புது ஊசி ஒன்றால் தீரக்கூடியவை.

பாபினை நீங்களே சுற்றுங்கள், நீங்களே போடுங்கள், ஊசியை நீங்களே கழற்றி மாட்டுங்கள். கடைக்காரர் செய்து காட்டியதும் தலையாட்டிவிட்டு வந்தால் வீட்டில் முதல் மாலையே சிக்கல். உங்கள் ஊர் ஃபேன்ஸி ஸ்டோரில் அந்த மாடலின் பாபின் விற்கிறதா என்பதையும் முன்பே பாருங்கள். கருப்பு மிஷினுக்கு எங்கும் கிடைக்கும். மேலிருந்து போடுகிற பிளாஸ்டிக் பாபினுக்கு உயரம் மில்லிமீட்டர் கணக்கில் மாறும். வேறு மாடலுடையதைப் போட்டால் நூல் அறும். பில்லில் மிஷின் எண் இருக்கட்டும், வாரண்டி அட்டையில் கடை முத்திரை இருக்கட்டும்.

வாங்க வசதியில்லாதவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மிஷினை இலவசமாகத் தருகிறது. சமூக நலத்துறையின் இந்தத் திட்டம் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் நடக்கிறது; அவர் அண்ணாவின் அமைச்சரவையில் இடம்பெற்றவர், பின்னாளில் மத்திய அமைச்சராகவும் இருந்தவர். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் விண்ணப்பிக்கலாம்; வருமானச் சான்றும் தையல் தெரியும் என்பதற்கான சான்றும் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியாகவும் மோட்டார் பொருத்திய மிஷின் தருகிறது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் தாய்மாருக்கும் அது உண்டு. காலால் அழுத்த முடியாதவர்கள் சொந்தமாக வாங்கும்போது, விரலால் அழுத்தி ஓட்டுகிற ஸ்டார்ட் ஸ்டாப் பட்டன் உள்ள கம்ப்யூட்டர் மிஷினைப் பார்க்கவேண்டும். விலை அதிகம்தான், ஆனால் கால் மிதி இல்லாமலே அது ஓடும். விலை எட்டாதவர்களுக்குக் கையால் சுற்றுகிற பழைய கைமிஷின் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையைத் தைப்பதும் பெண்களே. மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினரானவர்கள் வெட்டிய துணியை வாங்கிப் போய் வீட்டில் தைத்துத் திருப்பித் தருகிறார்கள். சீருடைத் துணி தடிப்பு, எண்ணிக்கை அதிகம், கெடு குறுகியது. இந்த வேலையை நம்பி மிஷின் வாங்குகிறவர்கள் வெள்ளை மிஷின் பக்கம் போகாமல், மோட்டார் பொருத்திய கருப்பு மிஷினையோ பவர் மிஷினையோ எடுப்பது பாதுகாப்பு.

மிஷின் கொடுப்பதற்குத் திட்டம் இருக்கிறது, தைப்பதற்கு வகுப்பு இருக்கிறது. பழுது பார்க்கக் கற்றுத்தருவதுதான் அரிது. எத்தனையோ வீடுகளில் இலவச மிஷின் துணி மடித்து வைக்கிற மேஜையாகிக் கிடப்பதற்கு, தைக்கிறவரின் சோம்பல் காரணம் அல்ல. பாபின் கேஸ் திருகு தளர்ந்தது, ஊசியும் கொக்கியும் சந்திக்கிற நேரம் பிசகியது, அதைச் சரிசெய்ய 30 கிலோமீட்டர் போகவேண்டியிருந்தது. ஆயத்த ஆடைக் கம்பெனிகளிலும் மிஷினில் உட்காருகிறவர்கள் பெண்கள், ஸ்க்ரூடிரைவரோடு வருகிறவர் பெரும்பாலும் ஆண். பத்து வருடமாக மிஷினின் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கிற பெண்ணுக்கு அதைத் திறந்து பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை.

கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றும் உறுப்பினர்களில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, பிரித்துப் பூட்டவும் டென்ஷன் சரிசெய்யவும் கொக்கி நேரம் வைக்கவும் ஒரு மாதம் பயிற்சி கொடுக்கலாம். அரசு தருகிற மிஷினோடு ஒரு ஸ்க்ரூடிரைவர், எண்ணெய்ப் புட்டி, பத்து ஊசி, தமிழில் படம் போட்ட கையேடு ஆகியவற்றைப் பெட்டியில் வைத்துத் தரலாம். மகிந்திரா சிட்டியிலிருந்து வேலையை விட்டு வீட்டுக்கு வந்த பெண்களில் இதைக் கற்க ஆசைப்படுகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். திருக்கழுக்குன்றத்தில் ஒருவர், திருப்போரூரில் ஒருவர், கோவளத்தில் ஒருவர் என்று இருந்தால், இந்தக் கரையில் மிஷின் வாங்குகிறவர் மெக்கானிக் எங்கே என்று கேட்கும்போது, “நம்ம அக்காதான், ரெண்டு தெரு தள்ளி” என்று பதில் வரும்.